அத்தான் பேசி வாங்கிய பாலம்

அக்டோபர் 14, 1980. செவ்வாய்.

விடிந்ததிலிருந்து தூறல். மூட்டத்தில் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்து அக்கரை லைன் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கு வரவில்லை. ஆற்றில், இங்கே சுங்கை என்போம், தண்ணீர் கூடினால் அப்படித்தான். கம்பிப் பாலத்தில் பாதிப் பலகை இல்லை. மீதிப் பலகையை நம்பிக் கால் வைக்க முடியாது. பள்ளி, மருந்தகம், கடை, ரிங்லெட் போகிற ரோடு எல்லாம் இக்கரையில். அந்த ஒரு லைன் மட்டும் அக்கரையில்.

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது.

மத்தியானம் தானா ராத்தாவிலிருந்து ஆள். அக்கா அனுப்பியது. ஞாயிறு அத்தான் வருகிறாராம். அடுத்த மாதம் குவாந்தானில் மாநிலச் சட்டமன்றம், வரவு செலவு விவாதம். உரை எழுதித் தர வேண்டும். மலாயில். வேறு யார் இருக்கிறார்கள், இலவசமாக?

அக்காள் புருஷன் தங்கப்பிரகாசம் இரண்டு வருடமாக எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், ஊர் வாயில் ஒய்.பி. அதற்கு முன் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது முட்டைக்கோசாவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இனி த.பி. என்றே எழுதப் போகிறேன். முழுப் பெயர் எழுத மை வீண்.

அக்டோபர் 19, ஞாயிறு.

வெயில், அதிசயமாக. துணி துவைத்தேன். பதினொரு மணிக்கு வெள்ளை வோல்வோ வந்து நின்றது. அக்கா, த.பி., டிரைவர். ஆட்டுக்கறி. த.பி. இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் மாநில நிர்வாகம் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

"மொதல்ல நன்றி வரணும். சுல்தானுக்கு, மந்திரி பெசாருக்கு, சபாநாயகருக்கு. அப்புறம் ஒரு பந்துன், நாலு வரி மலாய்ப் பாட்டு. பந்துன்னா அவங்களுக்கு உசுரு."

"பத்து நிமிஷம்தான் கொடுப்பாங்க அத்தான். பாலத்த மட்டும் பேசுங்க."

"பாலம் கண்டிப்பா உண்டு லா. கடைசில வை. கடைசில சொன்னாத்தான் மனசுல நிக்கும்."

"நடுவுல என்ன?"

"கியா பார்ம் போற வழியில ஒரு அலங்கார வளைவு கட்டணும். ஸ்ட்ராபெரி மாதிரி. பெருசா, செவப்பா. டூரிஸ்ட் வந்தா அதுங்கீழ நின்னு படம் புடிப்பான்."

அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அவள் வீட்டுக்குப் போக எந்தச் சுங்கையையும் தாண்ட வேண்டாம்.

இதுவரை மன்றத்தில் த.பி. பேசியவை, அவரே சொல்லி நான் பத்துத் தடவை கேட்டவை:
முதல் கூட்டம்: நன்றி.
அடுத்தது: பிரிஞ்சாங்கில் மணிக்கூண்டு வேண்டும் என்றார். வந்தது. ஓடவில்லை.
அடுத்தது: காய்கறி லோரிகள் நிறுத்த இடம். யாருடைய லோரிகள் என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
அடுத்தது: மன்றத்துச் சிற்றுண்டிச்சாலையில் நம் மலைத் தேயிலையே போட வேண்டும். மொத்த மன்றமும் மேசையைத் தட்டி ஏற்றுக்கொண்டதாம். பொதுப் பணத்தில் இவர் நாட்டிய ஒரே நிலையான காரியம்.

கிளம்பும்போது பிடித்துக்கொண்டேன். அஞ்சலையைச் சொன்னேன். அக்கரை லைனில் கொழுந்தெடுக்கிறவள், கோபால் பெண்சாதி. போன வருட மழையில் வலி கண்டு, பாலத்தில் ஏற முடியாமல், தண்ணீர் வடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். டிசம்பரில் பிறக்கும். டிசம்பரில்தான் மழையும்.

"அட பாவமே," என்றார் த.பி. உண்மையாகவே கண் கலங்கிற்று. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கலங்குகிறது, காய்ந்துவிடுகிறது.

அக்டோபர் 22, புதன்.

பள்ளி விட்டதும் தோட்டத்து நிர்வாகி, துரையைப் பார்க்கப் போனேன். இப்போதைய துரை ஜோகூர்க்காரர், நல்ல மனிதர், நாற்காலி போட்டார். சுங்கை தோட்டத்துடையது இல்லை, அரசாங்கத்துடையது, அதன் மேல் பாலம் கட்டத் தோட்டத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். மாவட்ட அலுவலகத்தில் போன வருடமே கேட்டாகிவிட்டது: இரண்டு கரையும் தோட்டத்து நிலம், தனியார் நிலத்தில் அரசாங்கப் பணம் செலவு செய்ய முடியாது. ஆகக் கரை இவர்களுடையது, தண்ணீர் அவர்களுடையது, விழுகிறவர்கள் யாருடையவர்களும் இல்லை.

மன்றத்தில் ஒருவர் எழுந்து பணம் ஒதுக்கச் சொன்னால் மட்டும் வழி உண்டாம். அந்த ஒருவர் த.பி.

வரும் வழியில் கடையில் அஞ்சலை. கருவாடு வாங்கிக்கொண்டிருந்தாள். "டீச்சர், தங்கப்பிரகாசம் எப்ப பேசப் போறாராம்?" பக்கத்தில் நின்ற மாரிமுத்துக் கங்காணி பாய்ந்தார். "பேரு சொல்ற அளவுக்கு வந்திட்டியா நீ? ஒய்.பி.ன்னு சொல்லு!" அஞ்சலை வாயை மூடிக்கொண்டாள். தோட்டத்தில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. சாமிக்குக்கூட அந்தச் சலுகை கிடையாது, முருகனை வாடா போடா என்கிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு.

உரை முடிந்தது. ஒரே பக்கம். பாலம் முதலில், பாலம் நடுவில், பாலம் கடைசியில். நன்றி ஒரு வரி. ஸ்ட்ராபெரி இல்லை. பந்துன் ஒன்று எழுதினேன், அதிலும் சுங்கையை வைத்தேன். த.பி. வந்து வாங்கிப் பார்த்தார். "குட்டையா இருக்கே." நிறுத்திப் படிக்க வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போடச் சொன்னார். போட்டேன், மூன்றாம் வகுப்புக்குப் போடுகிற மாதிரி.

கங்காணி சொல்கிறார், ஒய்.பி. நம் பாலத்துக்காகப் பேசும்போது நாம் அங்கே இருக்க வேண்டுமாம். கோயில் கமிட்டி வேன் பேசுகிறது. நானும் வர வேண்டும், மலாய் புரிய. போகிறேன். நேரில் பார்த்தால்தான் மனம் ஆறும். அல்லது ஆறாது.

நவம்பர் 7. தீபாவளி.

முறுக்கு கருகிவிட்டது. மழை. அக்கரைக்குப் பலகாரம் கொண்டுபோக முடியவில்லை.

நவம்பர் 24, திங்கள்.

பள்ளி விடுமுறை. விடியுமுன் வேன். பதினொரு பேர், கோபால் உட்பட. அஞ்சலையும் வரத் துடித்தாள், திட்டி நிறுத்தினேன். தாப்பா இறங்கும்வரை பாதிப் பேர் வாந்தி. தாப்பா, கோலாலம்பூர், பெந்தோங், குவாந்தான். பகாங்கிலிருந்து பகாங்கின் தலைநகருக்குப் போக பேராவையும் சிலாங்கூரையும் சுற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் மலை அவர்கள் கண்ணில் படாததில் ஆச்சரியம் என்ன?

கங்காணி மடியில் ஈரத்துணி சுற்றிய மாலை. சாமந்தி, ஆளுயரம். அதற்கு மட்டும் ஜன்னலோர இடம்.

இரவு ஒரு கோயில் மண்டபத்தில். கொசு. மலைக்குளிரில் பழகிய இவர்களுக்குக் கொசு என்றால் என்னவென்றே தெரியாது, கைதட்டிக் கொல்லத் தெரியாமல் விடிய விடிய முழித்தார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்.

நிதானமாக எழுத வேண்டும். கோபம் இன்னும் ஆறவில்லை.

வாசலில் காவல் நின்ற ஜாகா மாலையைப் பறித்துக்கொண்டான். கங்காணி அழாத குறை. மேலே பார்வையாளர் இடம், மெத்தை நாற்காலி. கீழே த.பி. கோட்டு, டை, முகம் நிறையப் பவுடர். எங்களைப் பார்த்தார். தலை இரண்டு அங்குலம் உயர்ந்தது.

எழுந்தார். என் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். கோட்டுப் பையிலிருந்து வேறு தாள்கள் எடுத்தார். தடிமன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சுல்தானுக்கு நன்றி. முதல்வர் மந்திரி பெசாருக்கு. ஆட்சிக்குழு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எழுத்தருக்கு. கட்டடத்தைப் பெருக்குகிறவர்களுக்கு. என் பந்துன், சுங்கை வருகிற வரியை மட்டும் விட்டுவிட்டு. பிறகு ஸ்ட்ராபெரி. அதன் உயரம், நிறம், அதற்குள் எரியும் விளக்கு. கோபால் என் தோளைத் தொட்டு, "பாலம் வந்திச்சா டீச்சர்?" "இன்னும் இல்ல." மறுபடி, "இப்ப?"

அப்புறம் மேலே கை காட்டினார். ஏழாங்கட்டைத் தோட்டத்து மக்கள், தம் பேச்சைக் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றார். தோட்டத்தின் பெயர் காதில் விழுந்ததும் கங்காணி எழுந்து கும்பிட்டார். எல்லாரும் எழுந்தார்கள். கைத்தட்டல்.

எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒரு பழக்கம். மேடையில் இருக்கிறவர் நம்மைக் குறிப்பிட்டால் தட்ட வேண்டும், அவர் கையை உயர்த்திப் போதும் என்று காட்டும்வரை தட்ட வேண்டும். முன்பே நிறுத்தினால் அவமரியாதை. த.பி.க்கு இது நன்றாகத் தெரியும். எத்தனை மேடையில் உயர்த்தியிருக்கிறார்! இன்று உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டு நின்றார். சபாநாயகர் சுத்தியலைத் தட்டுகிறார், இவர்கள் அதையும் சேர்ந்து தட்டுவதாக நினைத்து இன்னும் வேகமாகத் தட்டுகிறார்கள். நான் கங்காணி வேட்டியைப் பிடித்து இழுக்கிறேன். "ஒய்.பி. இன்னும் கை காட்டல டீச்சர்!" கோபால் விசில் அடித்தான்.

காவலர்கள் வந்து எங்களை வெளியேற்றினார்கள். மரியாதையாகத்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

கீழே சிற்றுண்டிச்சாலையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். கோபால் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்து, "நம்ம தூளுதான் டீச்சர். மணம் பாருங்க." எல்லாரும் மோந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் பெருமை. நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அரை மணி கழித்து த.பி. வந்தார். டையைத் தளர்த்திக்கொண்டு.

"பாலத்துக்கு வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு. என்ன செய்யச் சொல்றீங்க? எல்லாம் நீங்க தட்டின தட்டு."

"நீங்க கைய தூக்கியிருந்தா நிறுத்தியிருப்பாங்க அத்தான்."

கேட்காத மாதிரி கங்காணி முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல, பரவால்ல. அடுத்த தடவ பாத்துக்கலாம் லா."

நவம்பர் 28, வெள்ளி.

திரும்பி வந்து இரண்டு நாள் காய்ச்சல். குவாந்தானில் வெள்ளமாம், மன்றத்தை ஒத்திவைத்துவிட்டார்களாம். மீண்டும் கூடும்போது த.பி.க்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள். என் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். வைத்திருக்கட்டும்.

மாலை கோயிலில் கூட்டம். தட்டியது தப்பு என்று தீர்மானம் போட்டு ஒய்.பி.யிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார்களாம். த.பி.யை மட்டும்தான் வெறுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இன்று எல்லாரையும்.

எழுந்து சொன்னேன், மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள், அஞ்சலைக்கு நாள் நெருங்குகிறது, நாமே ஏதாவது போடலாம் என்று.  கோபால்தான், "கோத்தோங் ரோயோங் மாதிரி செஞ்சிரலாம்," என்றான். ஊர் கூடி வேலை செய்ய மட்டும் இவர்களுக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டாம்.

நவம்பர் 30, ஞாயிறு.

முப்பது பேர், பெண்கள் சமையல். தொழிற்சாலைக்குப் பின்னால் நின்ற இரண்டு யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டிக்கொள்ள துரை கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மரமும் பக்கம் பக்கமாகக் கரையிலிருந்து கரைக்கு. கைப்பிடிக்கு ஒரு பக்கம் பழைய கம்பி. சாயங்காலத்துக்குள் முடிந்தது. வழுக்குகிறது. ஆனாலும் நடக்கலாம்.

எனக்குச் சந்தோஷம்தான். எழுதிவைக்கிறேன், பின்னால் மறுக்காமல் இருக்க.

டிசம்பர் 7, ஞாயிறு.

எப்படிக் கேள்விப்பட்டாரோ, த.பி. வந்துவிட்டார். கத்தரிக்கோல், சிவப்பு ரிப்பன், பத்திரிகைக்குப் படம் எடுக்க ஓர் ஆள். கூடவே ஒரு பலகை, அழகாக வர்ணமடித்தது, "ஒய்.பி. தங்கப்பிரகாசம் பாலம்". கரையோர மரமொன்றில் ஆணியடித்தார்கள். குவாந்தானில் பறிபோன மாலைக்குப் பதிலாக கங்காணி புது மாலை போட்டார்.

த.பி. பாலத்தில் நடக்கவில்லை. நடக்கிற மாதிரி ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். புதுச் சப்பாத்து.

அஞ்சலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையில். அங்கிருந்தே கத்தினாள்.

"ஏங்க, இதுல வயித்தோட எப்படிங்க வர்றது?"

"ஏய், வாய மூடு! நல்ல நாளும் அதுவுமா!" கங்காணி.

த.பி. அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வாக்குக் கேட்கிற மாதிரி, வோல்வோவில் ஏறினார்.

டிசம்பர் 11, வியாழன்.

அக்கா நேரில் வந்தாள், லட்டுடன். மன்றம் கூடியதாம். அத்தான் பிரமாதமாகப் பேசினாராம். இந்த முறை பாலத்தைப் பற்றியே பேசினாராம்! ஒரு நிமிடம் நானும் ஏமாந்தேன்.

என்ன பேசினார் என்று துருவித் துருவிக் கேட்டேன். என் தாளைத்தான் படித்திருக்கிறார். சுங்கை, மழை, பிள்ளைகள், அஞ்சலைக்கு நடந்தது, எல்லாம். கடைசியில் சொந்தமாக இரண்டு வரி சேர்த்தாராம்: என் தொகுதி மக்கள் அரசாங்கத்திடம் கை நீட்டவில்லை, ஒரு காசு செலவில்லாமல் தாங்களே பாலம் கட்டிக்கொண்டார்கள், இதோ படம். மந்திரி பெசாரே மேசையைத் தட்டினாராம். மற்றத் தொகுதிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று ஆட்சிக்குழுவில் ஒருவர் எழுந்து பாராட்டினாராம். பாலம் ஏற்கெனவே இருப்பதால் ஒதுக்கீடு தேவையில்லை.

"உன் எழுத்துக்குத்தான் இவ்வளவு பேரு," என்றாள் அக்கா.

ஸ்ட்ராபெரி வளைவுக்கு ஒதுக்கியாகிவிட்டதாம். விளக்கும் சேர்த்து.

லட்டை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் எனக்கு லட்டு பிடிக்கும்.

டிசம்பர் 13, சனி.

மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர் மரத்துக்கு ஒரு முழம் கீழே. இனிப் பொறுக்க முடியாது என்று கோபாலுக்குச் சொல்லி அனுப்பினேன். அஞ்சலையை இக்கரைக்கு, என் வீட்டுக்கு, இன்றே. என் வீட்டிலிருந்து மருந்தகம் கூப்பிடு தூரம். பிரசவம் பார்க்கும் மிஸ்ஸியும் அங்கேயே இருக்கிறாள்.

நாற்காலியில் வைத்துத் தூக்கி வரலாம் என்றால் இரண்டு மரத்தின் அகலத்தில் நாற்காலிக்கு இரு பக்கமும் ஆள் நிற்க முடியவில்லை. நடக்கவும் முடியாது, பாசி. அஞ்சலை தானே முடிவு செய்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டினாள். மரத்தின் மேல் உட்கார்ந்தாள், இருபுறமும் காலைப் போட்டு. முன்னால் கோபால், முகத்தை இவள் பக்கம் வைத்துக்கொண்டு பின்னுக்கே நகர்ந்தான். பின்னால் கங்காணி, இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு சாண் முன்னால். மறுபடி கையை ஊன்றி. நிறைமாத வயிறு மரத்தில் இடிக்கிறது. கீழே சேறும் கல்லுமாய்த் தண்ணீர் ஓடுகிறது. லைன் மொத்தமும் கரையில். யாரும் தட்டவில்லை.

நடுவில் நகர்வதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். போன வருடத்துப் பிள்ளையைத்தான் நினைத்தாளோ என்னவோ. கோபால் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. பிறகு மறுபடி கையை ஊன்றினாள்.

இக்கரையில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடையெல்லாம் சிராய்ப்பு. ஸ்ட்ராபெரி என்று ஒரு வார்த்தை அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவர் பல்லை உடைத்திருப்பேன்.

டிசம்பர் 15, திங்கள்.

ஆண். மிஸ்ஸி மகராசி. அழுகை தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குக் கேட்டிருக்கும். அஞ்சலை நலம். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, இப்போதுதான் நினைவு வருகிறது. வெந்நீர் அடுப்பு புகைகிறது. விறகெல்லாம் ஈரம்.

டிசம்பர் 17, புதன்.

மழை விட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு மரத்தைக் காணோம், கீழே லெம்பா பெர்த்தாம் பக்கம் போயிருக்கும். இன்னொன்று கோணலாகத் தொங்குகிறது. பலகை மட்டும் கரையோர மரத்தில் பளிச்சென்று. மழையில் நன்றாகக் கழுவிவிட்டிருக்கிறது.

மாலை என் வீட்டில் கூட்டம். கங்காணி, கோபால், கமிட்டிக்காரர்கள். குழந்தைக்குப் பெயர்.

"ஒய்.பி. பேரயே வெச்சிரலாம்னு இருக்கோம் டீச்சர்," என்றான் கோபால், முகமெல்லாம் சிரிப்பு. "அவரு பாலம் இல்லேன்னா இந்தப் புள்ள ஏது?"

"அந்தப் பாலத்த வெட்டிப் போட்டது யாரு? நீதானே? உன் கையில கொப்புளம் இன்னும் ஆறல!"

"நாங்க போட்டோம். ஆனா மன்றத்துல பேசினது அவருதானே டீச்சர்," என்றார் கங்காணி, விவரம் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி.

தேநீர் ஊற்றப் போனேன்.  அவர்கள் நல்லவர்கள். எனக்கு நல்லவர்களைக் கண்டாலே ஆத்திரமாக வருகிறது இப்போதெல்லாம். தீர்மானம் செய்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, அக்காவுக்கும் த.பி.க்கும் சொல்லியனுப்பக் கிளம்பிப் போனார்கள்.

உள்ளே போனேன். அஞ்சலை சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லு. நான் சண்ட போட்டு மாத்தறேன்."

"வேணாம் டீச்சர். வெக்கட்டும்."

"அந்த ஆளு பேரா?"

"தெனம் கூப்புடப் போறது நான்தானே," என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டாள். அது மூத்திரம் பெய்து அவள் சேலையை நனைத்தது. தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அக்கரை லைன் வரைக்கும் கேட்கிற மாதிரி, "டேய் தங்கப்பிரகாசம்! மானங்கெட்டவனே! சொல்லிட்டுச் செய்யமாட்டியாடா?"